பெட்டியைத் திறக்கச் சொன்ன மருதமுத்து அண்ணன்

வட்டவளை ரயில் நிலையத்தில், ஹட்டன் போகும் காலை ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். தொலைபேசியில் மருதமுத்து அண்ணனின் பெயர் விழுந்தது. "என்னாங்க அண்ணே, இவ்வளவு காலையிலே" என்று தொடங்கினேன். பேசியது அவருடைய மனைவி பூரணம் அக்கா. "அண்ணன் இல்லம்மா" என்றார். கடைக்குப் போய்விட்டார் என்றுதான் முதலில் விளங்கிக்கொண்டேன். "கடைக்குப் போயிட்டாங்களா?" என்று கேட்கவும் செய்தேன். அக்கா, "விடிய அஞ்சு மணிக்குப் போயிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வாறதுக்குள்ள போயிட்டாங்க" என்றார்.

ரயில் வந்தது, ஏறினேன். கடைக்குப் போயிட்டாங்களா என்று நான் கேட்டதுதான் ஹட்டன் வரைக்கும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. நெஞ்சு வருத்தம் அவருக்கு ஒரு வருடமாக இருந்திருக்கிறது. மாத்திரைகளைத் திருகாணி டப்பா ஒன்றில் போட்டு வைத்திருந்தாராம். எங்களில் யாருக்கும் அது தெரியாது.

அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஹட்டன் பஸ் நிலையத்துக்குக் கீழே இறங்கும் சந்தில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய ஒரு கடை. கைபேசி திருத்துகிற கடை. டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, ரேடியோ திருத்தப் பழகி, பிறகு டீவி, பிறகு கைபேசி என்று காலத்தோடு கூடவே வந்தவர். புதிதாக எந்தச் சாமான் வந்தாலும் அதைக் கழற்றிப் பார்க்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. யாருடைய போனையும் அவர் உள்ளே கொண்டுபோய்த் திறந்ததில்லை. முன்னாலேயே வைத்துத்தான் கழற்றுவார். "உங்க சாமான். நீங்களே பாருங்க" என்பார். திருத்த முடியாவிட்டால், "இது செத்துருச்சுங்க. நான் வச்சிருந்தாலும் செத்ததுதான், நீங்க வச்சிருந்தாலும் செத்ததுதான்" என்று மூடிக் கையில் கொடுத்துவிடுவார்.

நான் அவரை முதலில் கவனித்தது ஒரு ஸ்டிக்கர் விஷயத்தில். வெளியூரிலிருந்து வந்த ஒருவர், போனிலிருந்து வரும் கதிர் மூளைக்குப் போகாமல் தடுக்கும் என்று சொல்லித் தங்க நிறத்தில் வட்டமான ஸ்டிக்கர்களைக் கடைத்தெருவில் விற்றார். ஜப்பான் விஞ்ஞானம் என்றார். கூட்டம் கூடியது. நானும் ஒன்று வாங்கி ஒட்டியிருந்தேன். அண்ணன் என் போனைக் கையில் வாங்கி, அதை நகத்தால் உரித்து, வெளிச்சத்தில் பிடித்தார். "சாக்லேட் சுத்துற தாளுங்க இது" என்றார். பிறகு அந்த மனிதரையே கூப்பிட்டு, மரியாதையாக ஒரு முக்காலியைப் போட்டு, "இது எப்பிடி வேலை செய்யுதுன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லித் தாங்க. நானும் வித்துப் பொழைச்சுக்கிறேன்" என்றார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தார். அந்த மனிதர் கொஞ்சம் பேசினார், தடுமாறினார், மத்தியான பஸ்ஸில் ஊரைவிட்டுப் போய்விட்டார். நான் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு இந்தப் பகுதிச் செய்தியாளர். இதை எழுதட்டுமா என்று அண்ணனிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா நீங்களும் வாங்குனீங்கன்னு சேர்த்து எழுதுங்க" என்றார். நான் எழுதவில்லை.

நவநீதன் வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அந்தத் தம்பியைப் பற்றி நான் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவரும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். தாயார் கொழுந்து எடுத்துப் படிக்க வைத்த பிள்ளை. கொழும்பில் ஐந்தாறு நண்பர்களோடு ஒரு கம்பனி தொடங்கி, மண்சரிவை முன்கூட்டியே சொல்லும் கருவி ஒன்றைச் செய்திருந்தார். இரும்புத் தூணில் பொருத்திய மஞ்சள் பெட்டி, அதன் தலையில் சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் எடுக்கும் தட்டு, மண்ணுக்குள் இறங்கும் கம்பிகள். பல இடங்களில் பரிசு வாங்கியவர். படம் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஆட்களில் ஒருவரை அந்த இடத்தில் பார்ப்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லி விளக்க முடியாது.

பெட்டியை வைக்கத் தேர்ந்தெடுத்தது அண்ணன் பிறந்த தோட்டத்தின் மேற்பிரிவை. அங்கே சரிவுக்குக் கீழே ஒரு நீண்ட லயம். அண்ணனின் தங்கை பேச்சியம்மா அதில்தான் கடைசி வீட்டில் இருந்தார். புருஷன் இறந்தபிறகு தனியாக, ஒரு பசுமாட்டோடு. அந்த இடம் ஆபத்தானது என்று அதிகாரிகள் முன்பே பார்த்துச் சொல்லிவிட்டார்கள். வேறு இடத்தில் வீடு கட்டித் தருவதாக அத்திவாரமும் வெட்டி, அது புல் மூடிக் கிடந்தது. அதுவரைக்கும் அந்தச் சனங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மழை இரண்டு நாள் விடாமல் அடித்தால் பாயையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. பயம்தான் அவர்களைக் கூட்டிக்கொண்டு போகும். முதலில் கதவைப் பூட்டுவது பேச்சியம்மாவாகத்தான் இருக்கும்.

மாசி மாதம், நல்ல வெயில். கோயில் முற்றத்தில் பந்தல் போட்டு, பெட்டிக்கு மாலை போட்டுச் சூடம் காட்டினார்கள். நவநீதன் ஒலிவாங்கியைப் பிடித்து அழகாகப் பேசினார். "மண்ணு நகர்றதுக்கு ரெண்டு மணித்தியாலத்துக்கு முன்னாடியே இந்தப் பெட்டி கத்தும். உங்க எல்லார் போனுக்கும் செய்தி வரும். இனி எங்க அம்மாமார் மழைக்குப் பயந்து பாயைச் சுருட்டிக்கிட்டு ஓடத் தேவையில்ல." பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றபோது பின்வரிசையில் அண்ணன் எழுந்தார்.

"தம்பி, இது கத்துனா ஆபத்துன்னு விளங்குது. கத்தாம இருந்தா என்னா அர்த்தம்? ஆபத்து இல்லன்னு அர்த்தமா, பெட்டி செத்துப்போச்சுன்னு அர்த்தமா? கீழ இருக்கிற சனம் அதை எப்பிடித் தெரிஞ்சுக்கும்?"

நவநீதன் சிரித்தார். "அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம் ஐயா. கொழும்புல எங்க ஸ்க்ரீன்ல எல்லாம் தெரியும்."

"மழைக்காலத்துல இங்க பத்து நாள் வெயிலே வராதேங்க. தட்டுக்கு வெளிச்சம் எங்க இருந்து வரும்? ஒரு தடவை பெட்டியைத் திறந்து காட்டுங்க. பேட்டரியை மட்டும் பார்த்துட்டு ஒக்காந்துர்றேன்."

"அது கம்பனி ரகசியமுங்க ஐயா."

கூட்டம் சிரித்தது. அண்ணன் உட்காரவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒங்க ரகசியத்துக்குக் கீழ எங்க ஆளுங்க குடியிருக்காங்க தம்பி" என்று குரலை உயர்த்தினார். "நம்ம பய ஒருத்தன் மேல வந்தா நம்ம ஆளுக்கே பொறுக்காது" என்று எங்கேயோ ஒருவர் சொன்னார். பேச்சியம்மா எட்டி அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஒக்காருண்ணே, மானத்தை வாங்காத" என்றார். அண்ணன் உட்கார்ந்தார்.

நான் அந்த விழாவைப் பற்றி அரைப்பக்கம் எழுதினேன். நவநீதனின் படத்தோடு ஞாயிறு இதழில் வந்தது. அதில் ஒரு வாக்கியம் இருந்தது. நல்லதைக் கண்டாலும் நம்ப மறுக்கும் மனங்கள் இன்னும் நம்மிடையே உண்டு என்றும், கைபேசி திருத்தும் ஒருவர் எழுந்து குழப்பம் செய்தார் என்றும். படித்தவர்களுக்கு அது யார் என்று தெரியும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவருக்குப் பொறாமை என்றுதான் நானும் நினைத்தேன். பள்ளிக்கூடம் முடிக்காத ஒரு திருத்துநர், படித்து மேலே வந்த பிள்ளையைப் பார்த்துப் பொருமுகிறார் என்று.

அடுத்த வாரமே என் போன் தண்ணீரில் விழுந்தது. ஹட்டனில் வேறு கடைகளும் உண்டு, ஆனால் கால் அந்தச் சந்துக்குத்தான் போயிற்று. அண்ணன் வழக்கம்போல என் முன்னாலேயே திறந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்துத் துடைத்து வைத்தார். முடித்துக் கையில் தரும்போது சொன்னார்: "பேரைப் போட்டிருக்கலாமேங்க. கேட்டது நான்தானே."

வைகாசியில் மழை தொடங்கியது. முதல் பெருமழைக்கு யாரும் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. பெட்டி கத்தவில்லை, மண்ணும் சரியவில்லை. பெட்டியின் மேல் நம்பிக்கை ஏறியது. புது வீட்டுப் பேச்சும் அதோடு அடங்கியது. கேட்கப் போனவர்களுக்கு, "அதுதான் பெட்டி இருக்கே" என்று பதில் வந்தது. ஆனியில் வேறொரு செய்திக்காக அந்தத் தோட்டத்துக்குப் போனபோது பேச்சியம்மா என்னைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் என் கட்டுரை வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. "நாங்க எழுத்து வாசிக்கத் தெரியாத ஆளுங்க. பக்கத்து வீட்டுப் புள்ள வாசிச்சுக் காட்டுச்சு. பேப்பர்லயே போட்டுட்டாங்க, இனி என்னா பயம்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணன் பேரைப் போடாதது நல்லதாப் போச்சுங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆடி மாதம் நடந்ததை அண்ணன் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். மிச்சத்தை லயத்து ஆட்கள் சொன்னார்கள். ஒன்பது நாளாக மூடுபனி விலகவில்லை, மழையும் நிற்கவில்லை. அன்று காலையில் அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு அக்கரப்பத்தனை பஸ் ஏறியிருக்கிறார். பாதை உடைந்த இடத்தில் பஸ் நின்றுவிட, மிச்சத் தூரத்தை நடந்தார். லயத்துக்குப் போகுமுன் நேராகப் பெட்டியிடம்தான் போனார். வேலை செய்தால் பச்சை விளக்கு ஒன்று விட்டு விட்டு எரியும். அது எரியவில்லை.

தோட்டத்து அலுவலகத்துக்கு ஓடினார். அங்கிருந்தவர் கொழும்புக்குப் பேசிவிட்டு, "அவங்க ஸ்க்ரீன்ல பச்சையாத்தான் இருக்காம்" என்றார். "எப்ப வந்த பச்சையுங்க அது?" என்று அண்ணன் கேட்டார். அதற்கு அங்கே யாருக்கும் பதில் தெரியவில்லை. அது நாலு நாள் பழைய பச்சை என்பது பிறகுதான் தெரிந்தது. கடைசியாக வந்த செய்தியையே திரை காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

அண்ணன் மழையில் வீடு வீடாகப் போனார். "பெட்டி செத்துருச்சு. செத்த பெட்டி எப்பிடிங்க கத்தும்? எந்திரிங்க" என்று கதவைத் தட்டினார். சிலர் திட்டினார்கள். ஒருவர், "இன்னும் ஒனக்கு அந்தப் பையன் மேல வயித்தெரிச்சல் தீரலையா?" என்று கேட்டார். அண்ணன் அடுத்த கதவுக்குப் போனார். நடக்க முடியாத ஒரு பெரியவரை முதுகில் தூக்கினார். மத்தியானத்துக்குள் பதினாலு குடும்பமும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பேச்சியம்மாவும் போய்ச் சேர்ந்தார்.

போன பிறகுதான் அவருக்கு மாட்டின் நினைவு வந்திருக்கிறது. கயிற்றை அவிழ்க்கவில்லை. அண்ணன் அந்தப் பெரியவருக்கு ஈரத் துணி மாற்றிக்கொண்டிருந்த நேரம். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் பேச்சியம்மா சொல்லிவிட்டுப் போனாராம்: "அண்ணன் கேட்டா இந்தா வந்துர்றேன்னு சொல்லு. அண்ணன் சொல்ற மாதிரியெல்லாம் பெட்டி செத்திருக்காது. கத்துனா ஓடியாந்துருவேன்."

மூன்று மணி போல மலை இறங்கியது. லயத்தின் கடைசி மூன்று வீடுகளும் மாட்டுப்பட்டியும் போயின. போன உயிர் பேச்சியம்மாவுடையது மட்டும். அடுத்த நாள் மத்தியானம் உடலை எடுத்தார்கள். கையில் மாட்டுக் கயிறு இருந்தது.

நவநீதன் வந்தது மூன்றாம் நாள். நானும் அங்கே இருந்தேன். ஜீப்பிலிருந்து இறங்கி நாலு அடி வைப்பதற்குள் இளைஞர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான். முந்தின நாள்தான் தங்கையை அடக்கம் செய்திருந்த அண்ணன், ஒருவரும் கூப்பிடாமல் எழுந்து வந்து நடுவில் நின்றார். "கையை எடுங்கப்பா" என்றார். "இவரை அடிச்சு அனுப்பிட்டா அப்புறம் யார்கிட்டக் கேக்கிறது? அடி வாங்குனவரு போயிருவாரு. பதிலும் கூடவே போயிரும்."

பிறகு அந்தத் தம்பியைப் பெட்டிக்குக் கூட்டிப் போனார். தூண் அப்படியே நின்றது. மண் அதற்கு இருபது அடி தள்ளிச் சரிந்திருந்தது. "இப்பத் திறங்க" என்றார். நவநீதனின் கையிலிருந்து திருகாணி கீழே விழுந்தது. அண்ணனே குனிந்து எடுத்துக் கொடுத்தார். உள்ளே எல்லாம் சுத்தமாக, அழகாகத்தான் இருந்தது. பேட்டரி மட்டும் ஒரு கைபேசியின் பேட்டரியைவிடக் கொஞ்சம் பெரிது. அண்ணன் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்க வச்சுப் பரீட்சை பண்ணுனீங்க?"

"கொழும்புல. அப்புறம் இங்க மூணு வாரம்."

"எந்த மாசம்?"

"தை."

அண்ணன் தூணின் தலையிலிருந்த வெயில் தட்டை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "அந்த ரெண்டு மணித்தியாலம் எங்க இருந்து வந்துச்சு தம்பி?"

நவநீதன் அழத் தொடங்கியிருந்தார். "ஒரு மேடையில கேட்டாங்க, எவ்வளவு நேரத்துக்கு முன்னாடி சொல்லும்னு. அந்த நேரத்துக்கு வாயில வந்ததைச் சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. பேப்பர்ல எல்லாம் அப்பிடியே வந்துருச்சு. அப்புறம் மாத்திச் சொல்ல முடியல ஐயா."

பேப்பர்ல என்று அவர் சொன்னபோது அண்ணன் என் பக்கம் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. பெட்டியை மூடி, நாலு திருகாணியையும் ஒழுங்காக முடுக்கினார். அவர் அன்று என்னைப் பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

நான் ஒரு திருத்தம் எழுதினேன். அந்த விழாவில் எழுந்து கேட்டவர் மருதமுத்து என்றும், அவர் கேட்டது சரியென்றும், நான் சரிபார்க்காமல் எழுதினேன் என்றும். அரைப்பக்கம் எழுதி அனுப்பியது உள்பக்கத்தில் மூன்று அங்குலமாக வந்தது. கடைக்குக் கொண்டுபோய் அண்ணனிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். பிறகு, கோபமோ குத்தலோ இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார்: "இதையும் வெட்டிச் செவத்துல ஒட்டுவாங்களாங்க?"

ஒட்ட மாட்டார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அவரைக் கூட்டங்களுக்குக் கூப்பிடத் தொடங்கினார்கள். புதிதாக எதையாவது யாராவது கொண்டுவந்தால், "அந்த போன் கடைக்காரரையும் வரச் சொல்லுங்க" என்றார்கள். வலப்பனையில் ஒரு கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். கொழுந்தைப் படம் பிடித்தால் போதும், தரத்தைப் போனே சொல்லிவிடும் என்று ஒரு கம்பனிக்காரர் விளக்கினார். அண்ணன் எழுந்து, "ஈரக் கொழுந்தைப் படம் எடுத்துக் காட்டுங்க" என்றார். வெளியே மழையில் நனைந்த கொழுந்தை ஒருவர் கொண்டுவந்தார். போன் அதைக் கீரை என்றது. மண்டபம் முழுக்கச் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. வந்தவர் கூச்சப்பட்டு நின்றதைப் பார்த்து, "பரவாயில்லங்க. இங்கயே தெரிஞ்சது நல்லது. சரிபண்ணிக்கிட்டு மழை நாள்ல திரும்பி வாங்க" என்றார்.

அவர் புதிய சாமான்களுக்கு எதிரி என்று சிலர் இப்போது பேசுகிறார்கள், சாவு வீட்டில்கூட அப்படி ஒருவர் பாராட்டினார். அது தப்பு. ஆற்றில் தண்ணீர் ஏறுவதை அளக்கும் கருவி ஒன்றோடு, கம்பஸில் படிக்கும் ஒரு பெண் அவர் கடைக்கு வந்தாள். அவர் கேட்ட மூன்றாவது கேள்விக்கே அவள், "அது எனக்குத் தெரியாதுங்க அங்கிள், இன்னும் பார்க்கல" என்றாள். அண்ணனின் முகம் மலர்ந்ததை நான் அன்றுதான் கண்டேன். "தெரியாதுன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதாம்மா" என்றார். கடையை மூடிவிட்டு அவளோடு ஆற்றுக்குப் போய், முழங்கால் தண்ணீரில் நின்று அந்தக் கம்பத்தை நட்டுக் கொடுத்தார்.

ஆனால் உள்ளுக்குள் அவர் ஆறவில்லை. கடைசியாக நான் அவரைப் பார்த்தது இறப்பதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பு. சின்னத் திருகாணி ஒன்றை இடுக்கியால் எடுக்க மூன்று தடவை முயன்றார். "கொஞ்சம் டோர்ச்சைப் பிடிங்க தங்கச்சி" என்றார். பிடித்தேன். வேலையைப் பார்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் பேசினார்.

"அன்னிக்குக் கோயில்ல நான் கோவமாப் பேசிட்டேன். கேள்வியைக் கோவமாக் கேட்டா, சனத்துக்குக் கோவம்தான் காதுல விழும், கேள்வி விழாது. கொஞ்சம் பதமாக் கேட்டிருந்தா பேச்சி நம்பியிருப்பா. பதினாலு வீட்டுக்காரங்க நம்புனாங்க. கூடப் பொறந்தவ நம்பல."

"அவங்க மாட்டுக்காகத்தானே அண்ணே போனாங்க" என்றேன்.

"மாட்டுக்காகத்தான் போனா. பெட்டியை நம்பித்தான் போனா."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பெட்டியைப் பேச்சியம்மா நம்பியது என் எழுத்தால் என்று சொல்லியிருக்க வேண்டும். அது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் என் வாயால் வந்திருந்தால் அந்தப் பாரத்தில் பாதியையாவது அவர் என் பக்கம் தள்ளியிருப்பார். நான் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு வாரம்தான் இருக்கிறது என்று தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்பதும் எனக்குத் தெரியாது.

அடக்கத்தன்று சந்திலிருந்த கடைகள் எல்லாம் பூட்டியிருந்தன. அந்த லயத்தின் பதினாலு குடும்பமும் லொறி பிடித்து வந்திருந்தது. அவர் முதுகில் தூக்கிய பெரியவரை நாற்காலியோடு இறக்கினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நவநீதன் நின்றார். இப்போது வேறொரு கம்பனியில் சம்பளத்துக்கு வேலை செய்கிறாராம். உள்ளே வரத் தயங்கியவரைப் பூரணம் அக்கா பார்த்துவிட்டார். வரச் சொல்லி, முகத்தைப் பார்க்க வழி விடச் சொன்னார். அவர் கும்பிட்டுவிட்டு அக்காவிடம் மெல்ல, "ஐயா என் மேல கோவமா இருந்தாங்களா?" என்று கேட்டார்.

"கோவப்படல தம்பி" என்றார் அக்கா. "ஒங்களை நம்பவும் இல்ல. ரெண்டும் வேற வேறன்னு சொல்லுவாங்க."

எனக்கு ஒரு விஷயம் அன்றுதான் தெரிந்தது. சரிவைப் பற்றி விசாரணை நடந்து, அண்ணனும் சாட்சி சொல்லியிருந்தார். அறிக்கை மட்டும் வெளிவரவில்லை. அதைக் கேட்டு அவர் ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நுவரெலியாவுக்குப் போயிருக்கிறார். சாமான் வாங்கப் போகிறார் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அக்காதான் சொன்னார்.

இந்த மாதம் முதல் திங்கட்கிழமை நான் போனேன். அந்த அரச அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த சிங்களப் பெண் அலுவலருக்கு அவரை நன்றாகத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில், மருதமுத்து அனுப்பி வந்ததாகச் சொன்னேன். அவர் ஏன் வரவில்லை என்று கேட்டார். சொன்னேன். அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். எப்போது என்று கேட்டார், பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். வந்தால் உட்காரச் சொல்லும்வரை உட்காரமாட்டார், ஒருநாளும் சத்தம் போட்டதில்லை என்றார். கோயில் முற்றத்தில் குரல் உயர்த்திய மனிதர், அதற்குப் பிறகு எங்கேயும் குரல் உயர்த்தவே இல்லை என்பதை நான் அங்கே நின்றுதான் விளங்கிக்கொண்டேன்.

"அறிக்கை வந்துவிட்டதா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லை" என்றார். நான் போகவில்லை. அண்ணன் செய்வதுபோல, கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருந்தேன். அவர் மேசையைப் பார்த்தார், கோப்பு ஒன்றை நகர்த்தி வைத்தார், பிறகு என்னைப் பார்த்து, "அடுத்த மாதம் வருகிறீர்களா?" என்றார்.

வருகிறேன் என்றேன். மருதமுத்து அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் திங்கட்கிழமையைத்தான். என் பெயர் என்னவென்று அந்த அம்மா கேட்டார். முழுப் பெயரையும் சொல்லி, எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன்.